காதுகுத்துக்கு வந்த தாய்மாமன்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், கேட்டாலும் எனக்குத் தெரியாது, ஆடகவர்மன் என்றொரு மன்னன் இருந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு அவனுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை என்றால் அழும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், மன்னனுக்கு மட்டும் தெரியாது. இளவரசன் ஒரு குரல் அழுதால் மன்னன் இரண்டு குரல் அழுவான். ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் எதிரிலேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டான். தூதர் ஊர் திரும்பி, "அந்த ராஜாவுக்கு இன்னும் பால்பல்லே விழவில்லை" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அது காதுக்கு எட்டியதும் மன்னன் ஓர் ஆணை போட்டான். "இனி இளவரசன் அழக் கூடாது. யாரால் அழுகிறானோ அவர் தலை போகும். அரசியால் அழுதால் தலைக்குப் பதில் நாடு கடத்தல்." மனைவிக்குச் சலுகை காட்டிவிட்டதாக அவனுக்கு ஒரே பெருமை.

அன்றிலிருந்து குழந்தையைத் தூக்க ஆளில்லை. தாதி எட்ட நின்று, நீளமான அகப்பையால் சோறு ஊட்டினாள். பையன் நடக்கத் தொடங்கியதும் எட்டு வீரர்கள் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். ஒருமுறை மெத்தை வரச் சற்றுத் தாமதமாகிவிட, காவல் தலைவர் நாலு காலில் நின்று குரைத்துக் காட்டித் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். பெற்ற தாய் கயல்நங்கைகூட மகனைக் கொதிக்கிற பானையைத் தூக்குவது போலத் தூக்கி, உடனே இறக்கிவிடுவாள். அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது! பையனோ மூன்று வயதுக்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டான். கீழுதட்டைப் பிதுக்கினால் போதும். வெல்லம் வரும், யானை வரும், யானைக்கும் வெல்லம் வரும்.

அந்தச் சபையில் குறுங்கூத்தன் என்றொரு விகடகவி இருந்தான். ஆள் குட்டை, நாக்கு நீளம். அவன் வாய் திறந்தால் மன்னன் சிரிப்பான். தலைமை அமைச்சர் அனந்தராயர் வாய் திறந்தால் கொட்டாவி விடுவான். அனந்தராயருக்கு வயிறு எரிய இது போதாதா?

இளவரசனுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். அனந்தராயர் எழுந்து கைகூப்பினார்.

"மன்னர் பெருமானே, தாய்மாமன் மடியில் வைத்தல்லவா காது குத்த வேண்டும்? அரசியாருக்கோ உடன்பிறந்தார் இல்லை. நம் குறுங்கூத்தர் அவருக்கு அண்ணன் முறை ஏற்கட்டும். குழந்தையைச் சிரிக்க வைக்க அவரைவிடத் தகுந்தவர் யார்?"

"ஆகா! அப்படியே ஆகட்டும்!" என்றான் மன்னன்.

காது குத்தினால் குழந்தை அழும். அழுதால் மடியில் வைத்தவன் தலையும் போகும், ஊசி பிடித்த ஆசாரி தலையும் போகும். சபையில் மன்னனைத் தவிர எல்லோருக்கும் இது புரிந்தது. அனந்தராயர் அன்று இரண்டு மடங்கு சாப்பிட்டார்.

குறுங்கூத்தன் வீட்டுக்கு வந்து மனைவி நாச்சியிடம் சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கயாச்சும் ஓடிப் போயிடலாங்க. மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

குறுங்கூத்தன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "நம்ம சின்னவன் காதுகுத்துல எப்ப அழ ஆரம்பிச்சான், ஞாபகம் இருக்கா?" என்றான்.

"குத்துனப்பதான்."

"இல்லடி. ஊசி கிட்ட வர்றதுக்கு முன்னாடியே அழுதான். நீங்க எல்லாரும் அவனைச் சுத்தி நின்னுக்கிட்டு, ஐயோ பாவம்னு மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனையே பாத்தீங்க."

"அதுக்கு?"

"அதுக்கு, நாளைக்கு இளவரசனை யாரும் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சீர்த்தட்டுகளைத் துடைக்கப் போனான்.

மறுநாள் காலை மேளம் முழங்க, மனைவி மக்களோடு ஏழு தட்டுச் சீர் எடுத்துக்கொண்டு வந்தான். அரண்மனை வாசலில் சட்டென்று நின்றுவிட்டான்.

"மாப்பிள்ளை வந்து அழைத்தால்தான் உள்ளே வருவேன்."

"எந்த மாப்பிள்ளை?" என்று கேட்டான் காவலன்.

"என் தங்கையைக் கட்டியவர். உள்ளே கிரீடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பார்."

உள்ளே சோதிடர், நல்ல நேரம் போகிறது என்று கத்தினார். தாய்மாமன் இல்லாமல் காது குத்த முடியாது. மன்னன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தான். "வாருங்கள் மைத்துனரே" என்று கைகூப்பினான். உப்பரிகையிலிருந்து பார்த்த கயல்நங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் பிறந்தவீட்டுப் பக்கத்திலிருந்து கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வந்துவிட்டாரே! திருமணமான நாளிலிருந்து அவளுக்கு அந்த ஏக்கம் இருந்தது.

குறுங்கூத்தன் மணையில் உட்கார்ந்து, இளவரசனை மடியில் ஏற்றிக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்தார். சபை முழுவதும் இளவரசனையே பார்த்தது. பையனின் உதடு மெல்லப் பிதுங்கியது.

"ஆசாரியாரே, முதலில் மாமனுக்குக் குத்துங்கள்!" என்று குறுங்கூத்தன் தன் காதை நீட்டினான். கடுக்கன் போட்ட துளைக்கு மேலே ஊசி இறங்கியது. "ஐயோ! அம்மா! செத்தேன்!" என்று அலறியபடி கண்ணை உருட்டி, நாக்கைத் தள்ளி, காலை உதறினான். இளவரசன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

"இன்னொண்ணு!"

"யாருக்கு, மருமகனே?" என்று கேட்டு, மடியை மெதுவாக அனந்தராயர் பக்கம் திருப்பினான் குறுங்கூத்தன்.

"அந்தத் தாத்தாவுக்கு!"

"எனக்கு ஏற்கெனவே குத்தியாயிற்று!" என்று பதறினார் அனந்தராயர்.

"மேலே நிறைய இடம் இருக்கிறது" என்றான் குறுங்கூத்தன். "மறுத்துவிடுங்கள் அமைச்சரே, ஒன்றும் கட்டாயமில்லை. குழந்தை அழுதால் உங்களால் அழுதது என்று ஆகும், அவ்வளவுதான்."

உதடு பிதுங்கியது. அனந்தராயர் ஓடி வந்து காதைக் கொடுத்தார். கடுக்கன் இல்லாததால் ஆசாரி துளையில் ஒரு வேப்பங்குச்சியைச் சொருகினார். அடுத்து சோதிடர். அடுத்து தளபதி. பதினேழு போர்க்காயம் பட்ட மனிதர், ஊசியைக் கண்டதும் தூணைக் கட்டிக்கொண்டார். நாலு பேர் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பிறகு புலவர்கள், கணக்கர்கள், மெத்தை தூக்கும் எட்டுப் பேர். சபையே காதைப் பிடித்துக்கொண்டு முனகியது. மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்பாவுக்கு!" என்றான் இளவரசன்.

சிரிப்பு நின்றது. "எனக்கா? நான் மன்னன்!"

"ஆணையில் 'யாரால் அழுகிறானோ' என்றுதான் இருக்கிறது, மாப்பிள்ளை" என்றான் குறுங்கூத்தன். "மன்னர் நீங்கலாக என்று இல்லை."

மன்னன் மகனின் உதட்டைப் பார்த்தான். தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு குனிந்து காதைக் கொடுத்து, "அம்மா!" என்று போட்ட சத்தத்தில் மாடத்துப் புறாக்கள் பறந்தன.

இளவரசன் சுற்றிலும் பார்த்தான். எல்லோர் காதிலும் குச்சி இருந்தது. தன் காதைத் தொட்டுப் பார்த்தான், அதில் மட்டும் ஒன்றுமில்லை. "எனக்கு! எனக்கும்!" என்று குதித்தான். ஆசாரி இரண்டு காதிலும் குத்தி முடித்தார். பையன் ஒரு கணம் முகத்தைச் சுளித்தான். ஐயோ பாவம் என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை, அவரவர் காது அவரவருக்கு. அதனால் அவனும் காதைப் பிடித்துக்கொண்டு, "செத்தேன்!" என்று மாமனைப் போலவே சொல்லிச் சிரித்தான்.

மன்னன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தான். "என்ன வேண்டும், கேளுங்கள் மைத்துனரே! ஊரா, பொன்னா?"

"என் மருமகனுக்கு அழுவதற்கு அனுமதி வேண்டும்" என்றான் குறுங்கூத்தன்.

மன்னன் காதைத் தடவிக்கொண்டே அரசியைப் பார்த்தான். அவள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொடுத்தேன்" என்றான். தன் முத்துமாலையைக் கழற்றிக் குறுங்கூத்தன் கழுத்தில் போட்டு, ஓர் ஊரையும் எழுதிக் கொடுத்தான். அந்த ஓலையை அனந்தராயர்தான் படித்தார், குச்சியோடு.

குறுங்கூத்தன் எழுந்திருக்க, இளவரசன் மடியிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. இறங்க மாட்டேன் என்று வீறிட்டு அழுதான். பழக்கதோஷத்தில் சபை முழுவதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. கயல்நங்கை மட்டும் ஓடி வந்தாள். மகனை வாரித் தூக்கி, மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் பட்டுச் சேலை முழுக்க மூக்குச்சளி.

"அழுடா என் ராஜா, நல்லா அழு" என்றாள். அவன் ஒரு நாழிகை அழுதான், அவள் இறக்கிவிடவே இல்லை.