மேல்துறையில் கேட்ட குரல்

ஒரு காட்டில், மேலிருந்து கீழே ஓடும் ஓர் ஆறு இருந்தது. எல்லா ஆறும் அப்படித்தானே ஓடும் என்று சிரிக்கிறீர்களா? உங்களுக்குத் தெரிகிறது. அந்தக் காட்டில் ஒரு பன்றிக்கு அது மறந்து போயிருந்தது.

அந்தக் காட்டுப்பன்றி ஒருநாள் ஆற்றங்கரையில் கிழங்கு தோண்டியது. கிழங்கு வரவில்லை. கறுப்பாக, கொழகொழவென்று எண்ணெய் ஊறி வந்தது. பன்றி அதை உடம்பில் தேய்த்துப் பார்த்தது. அன்று முழுவதும் ஓர் உண்ணிகூட ஒட்டவில்லை, ஓர் ஈகூட உட்காரவில்லை.

மறுநாளே பன்றி ஒரு பாறைமேல் ஏறித் தொண்டையைச் செருமியது.

"பெரியோர்களே, தாய்மார்களே, கொம்பு உள்ளவர்களே, கொம்பு இல்லாதவர்களே. உண்ணிக்கடி இனி இல்லை. ஈத்தொல்லை இனி இல்லை. ஆளுக்கு ஒரு பலாப்பழம் கொண்டு வாருங்கள், ஆளுக்கு ஒரு பூச்சு எண்ணெய் வாங்கிப் போங்கள்."

முதலில் வந்தது சுகவாசியான காட்டெருமை. "ம்ம்ம்... முதுகுலயும் கொஞ்சம்... ம்ம்ம்... இன்னும் கீழே..." என்று கண்ணை மூடிக்கொண்டது. பிறகு மான்கள் வந்தன, கரடி வந்தது, யானைப் பெரியம்மாவும் வந்தது. பலாப்பழம் குவிந்தது. குழி அகலமானது, ஆழமானது. நேற்றுவரை "ஏய் பன்றி" என்ற விலங்குகள் எல்லாம் "எண்ணெய்க்கார அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தன.

குழி நிரம்பி வழிந்த எண்ணெய் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான் போனது.

கீழ்த்துறையில் ஒரு நீர்நாய் தன் குட்டிகளோடு குடியிருந்தது. நீர்நாயின் உரோமம் நெருக்கமானது. குளிர்ந்த நீரைத் தோலில் பட விடாது. எண்ணெய் பட்டதும் அந்த உரோமம் திரிதிரியாக ஒட்டிக்கொண்டது. ஆற்றில் இறங்கினால் குட்டிகள் நடுங்கின. கரையில் கிடந்தால் பட்டினி. கிடைத்த ஒன்றிரண்டு மீனும் நாறியது. கடைக்குட்டி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது.

நீர்நாய் பன்றியிடம் ஓடியது. "அண்ணே, குழியை மூடிடுங்க. கடைக்குட்டி கண்ணே திறக்க மாட்டேங்குது."

"ஏம்மா, ஆறு எவ்வளவு பெரிசு, என் எண்ணெய் எவ்வளவு சிறிசு" என்றது பன்றி. "நாலு பாறையில மோதினா தானா கரைஞ்சு போயிடும். நானும் இதே ஆத்துத் தண்ணியைத்தான் குடிக்கிறேன். பாரு, எப்படி இருக்கேன்."

இதே ஆறுதான். ஆனால் பன்றி குடிப்பது மேல்துறையில், குழிக்கும் மேலே.

பக்கத்தில் பூச்சுக்குக் காத்திருந்த காட்டெருமை முனகியது. "ம்ம்ம்... உனக்கு எப்பவுமே ஒரு குறை. பிடிக்கலன்னா வேற ஆத்துக்குப் போயேன்."

நீர்நாய் யானையிடம் போனது. "பார்ப்போம். விசாரிப்போம். மழை வரட்டும்" என்றது யானை. அதன் முதுகிலும் எண்ணெய் பளபளத்தது.

"மழை வர்ற வரைக்கும் என் பிள்ளை தாங்காதே, பெரியம்மா."

யானை காதை ஆட்டியது.

இதையெல்லாம் மரத்திலிருந்து ஒரு கரிச்சான் குருவி கேட்டுக்கொண்டிருந்தது. சரியான குறும்புக்காரக் குருவி. கழுகு போலக் கத்திக் குரங்குகளைப் பதற வைக்கும். குரங்கு போலக் கத்திக் கழுகைக் குழப்பும். அது நீர்நாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அழாதீங்க அக்கா. நம்ம பேச்சு அண்ணன் காதுல ஏறல. அவர் பேச்சே அவர் காதுல ஏறுதான்னு பார்த்துடுவோம்."

மறுநாள் காலை பன்றி தன் குட்டிகளோடு மேல்துறைக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. அதற்கும் மேலே, மூங்கில் புதருக்குள், பரக் பரக் என்று மண் தோண்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"பெரியோர்களே, தாய்மார்களே, இங்கே ஒரு புதுக் குழி. பழைய குழியைவிடப் பெரிய குழி."

பன்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பன்றியின் குரல்தான். ஆனால் தன் குரல் வெளியிலிருந்து வந்தால் யாருக்குத் தெரிகிறது?

"யாருடா அது? அங்கே தோண்டாதே. கீழே நாங்க குடிக்கிறோம்."

"ஏம்பா, ஆறு எவ்வளவு பெரிசு, என் எண்ணெய் எவ்வளவு சிறிசு. நாலு பாறையில மோதினா தானா கரைஞ்சு போயிடும்."

"எண்ணெய் எங்கேயாவது தண்ணியில கரையுமா? மடையா."

"ம்ம்ம்... உனக்கு எப்பவுமே ஒரு குறை. பிடிக்கலன்னா வேற ஆத்துக்குப் போயேன்."

"அடப்பாவி, காட்டெருமையும் அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சா" என்று பன்றி பதறியது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு யானையிடம் ஓடியது. அங்கே கரிச்சான் முன்பே வரச் சொல்லியிருந்த எல்லா விலங்குகளும் நின்றிருந்தன. காட்டெருமையும்தான்.

பன்றி அதைக் கவனிக்கவில்லை. "பெரியம்மா, நியாயம் சொல்லுங்க. மேலே எவனோ எண்ணெய்க்குழி தோண்டுறான். என் குட்டிங்க எதைக் குடிக்கும்?"

"ஆறு பெரிசுதானே, எண்ணெய்க்காரா" என்றது யானை.

"எவ்வளவு பெரிசா இருந்தா என்ன? மேலே விட்டது கீழேதானே வரும்."

கூட்டத்தின் ஓரத்தில் நீர்நாய் நின்றிருந்தது. அதன் காலடியில் கடைக்குட்டி சுருண்டு கிடந்தது. பன்றி அந்தக் குட்டியைப் பார்த்தது. பிறகு தன் குட்டிகளைப் பார்த்தது.

கிளையிலிருந்து பன்றியின் குரல் வந்தது. "பாரு, எப்படி இருக்கேன்."

எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. அங்கே கரிச்சான் சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. பன்றியின் காதுகள் தொங்கிப்போயின. குழிக்கு நடந்து, மூக்கால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தது.

யானை இந்த முறை "பார்ப்போம்" என்று சொல்லவில்லை. பாறைகளைத் தூக்கி வந்து குழியில் போட்டது. காட்டெருமை களிமண்ணை மிதித்து இறுக்கியது. மான்கள் புல் கொண்டு வந்தன. நீர்நாய் அந்தப் புல்லாலும் சுத்தமான மணலாலும் குட்டிகளைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது. மாலைக்குள் கடைக்குட்டி கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றது.

உண்ணிக்கு என்ன செய்வது? பன்றியே சொல்லிக்கொடுத்தது: சேற்றில் புரள வேண்டியதுதான். "ம்ம்ம்... இதுவும் சுகமாத்தான் இருக்கு" என்றது காட்டெருமை.

மழை வந்தது. சில பாறைகளில் கறுப்பு போக நாளானது. ஆனால் மீன்கள் திரும்பின. ஒருநாள் கடைக்குட்டி நீந்தி நீந்தி மேல்துறையையும் தாண்டிப் போய், ஒரு கல்லில் ஏறி உடம்பை உதறியது.

"ஏய், மேலே நின்னு உதறாதே. கீழே நான் குடிக்கிறேன்" என்றது பன்றி.

"நாலு பாறையில மோதினா தானா கரைஞ்சு போயிடும்" என்றது மரத்திலிருந்து பன்றியின் குரல்.

நீதி: ஆற்றில் எதையாவது விடும் முன், நமக்கு மேலே இருப்பவர் அதையே விட்டால் குடிப்போமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.