திரையில் ஓடிய தண்ணீர்

மேகம் தெருவுக்குள் இறங்கி உலாவும் மலை நகரம் ஒன்று. அங்கே குடிநீர் வால்வு திறந்துவிடும் வேலை பூரணத்துக்கு. அரசு நிதியில் நகராட்சிக்குப் பெரிய திரை ஒன்று வந்தது. தெருக்குழாய்கள் எல்லாம் அதில் நீல ஆறுகளாக மினுங்கின. ஆணையர் ஞானசுந்தரம் பகலெல்லாம் அதன் முன்னால் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார்.

"ஐயா, மூணு நாளா மேட்டுத் தெருவுல சொட்டுத் தண்ணி இல்லைங்க," என்றாள் பூரணம்.

"திரையில் ஓடுகிறதே! அது பொய்யென்று இந்த அறையிலேயே என் வாயால் சொல்லவை. முடியாவிட்டால் வேலையை விட்டுப் போ."

அந்த அலுவலகமும் மேட்டில்தான் இருந்தது. மாடித் தொட்டி அன்று காலையில் வற்றியது பூரணத்துக்கு மட்டும் தெரியும்.

"சரிங்கய்யா. முதல்ல பழம் சாப்பிடுங்க, எங்க வீட்டுப் பலா."

ஐந்து சுளை உள்ளே போனது. விரல்கள் பலாப் பிசினில் ஒட்டிக்கொண்டன. ஆணையர் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"தண்ணி எங்கே?"

பூரணம் பணிவாகத் திரையைக் காட்டினாள். "நம்ம ஆபீசுக்கும் ஓடுதுங்களே. அதுல கழுவிக்கங்க."

குமாஸ்தாக்கள் கோப்புகளுக்குப் பின்னால் குலுங்கினார்கள்.

"பொய்தான் சொல்கிறது," என்றார் ஆணையர், ஒட்டிய கையோடு.

"திரை மேல தப்பில்லைங்கய்யா. அளக்கிற கருவியை அடிவாரத்துக் குழாயில மாட்டிட்டாங்க. அங்க ஓடுறதைத்தான் அது காட்டுது."

இரண்டாவது திரை வாங்க வைத்திருந்த நிதியில் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வந்தது. ஒவ்வொரு தெருக்கடைசிக்கும் கருவி வந்தது.

மோட்டார் ஓடிய முதல் நாள் காலை மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. குடங்கள் நிறையும் சத்தம் மட்டும் மேடு முழுக்கக் கேட்டது.