ஜிலேபி நீந்தும் தொட்டி

வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்து எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். துளசிமணி மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன.

குரு வடிவாம்பிகை அம்மா அவளைவிட வயதில் இளையவர். அதனால் துளசிமணி தன் சீடராக இருந்தாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“என்னக்கா, பெட்டிக்கும் திருநீறு பூசணுமா?”

“பூசினாலும் நல்லதுதானுங்கம்மா. மீன் தொட்டித் தண்ணியைச் சுத்தம் பண்ற ஃபில்டருங்க. இது சின்னது, தொட்டிக்குள்ளயே வெக்கறது. இது பெருசு, வெளிய நிக்கும். வீட்ல காட்டிட்டு எது வேணுமோ வெச்சுக்குங்கன்னு கடைக்காரர் குடுத்துவிட்டாரு. நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான்.”

“நான் என்ன, மீன்கடையா நடத்தறேன்?”

துளசிமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஆறு மீனுங்கம்மா. அஞ்சு செத்துப்போச்சு. ஜிலேபின்னு பேர் வெச்சது ஒண்ணுதான் இருக்குது. அதுவும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஞாயித்துக்கிழமை மோகனப்பிரியா வர்றா. அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

மோகனப்பிரியா அவள் மருமகள். தொட்டியும் அவளுடையதுதான். கல்யாணச் சீராக பீரோ, கட்டிலோடு ஒரே வண்டியில் வந்து இறங்கியது. ஈரோட்டில் அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போனபோது, புது வீட்டில் இடம் ஒதுக்கியதும் எடுத்துக்கொள்கிறோம் என்று தொட்டியை இங்கேயே விட்டுப் போனார்கள். போனவள் அதன்பிறகு வரவே இல்லை. இப்போதுதான் வருகிறாள்.

“எதுக்குத் தனியாப் போனாங்க?” என்று அம்மா கேட்டார்.

“சண்டை ஒண்ணும் இல்லீங்க. ‘நான் நடந்தா பின்னாலயே துணி வருது அத்தை’ன்னு ஒரு நாள் சொன்னா. நான் வீடு தொடைக்கறதைச் சொன்னா. காபி குடிச்ச டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள எடுத்துக் கழுவிருவேன். சுத்தமா இருக்கறது தப்புங்களா?”

அம்மா சின்னப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப தொட்டியில ஃபில்டர் இல்லையா?”

“இருக்குதுங்க. அதுலயும் குறை வெக்கலை. ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழட்டி, கொதிக்கற தண்ணியில போட்டு, பிளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சு, மொட்டை மாடியில காய வெச்சுத்தான் மாட்டறேன். தண்ணியும் அப்பவே பூராத்தையும் மாத்திருவேன். ஸ்பாஞ்ச் இன்னிக்கு வாங்கின மாதிரி நீலமா இருக்கும்.”

“வந்து பாருங்க” என்று அம்மா எழுந்தார்.

வழிபாட்டுக் கூடத்தின் மூலையில், விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில், ஒரு தொட்டி இருந்தது. அன்பர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துப் போனது. கண்ணாடியில் ஓரமாகப் பாசி. உள்ளே மீன்கள் கொழுகொழுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. துளசிமணி எத்தனையோ தடவை அதைப் பார்த்து மனசுக்குள் முகம் சுளித்திருக்கிறாள்.

அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். ஃபில்டரிலிருந்து ஸ்பாஞ்சை உருவி எடுத்தார். பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது.

“அய்யோ, சேறு மாதிரி இருக்குதுங்களே! குடுங்கம்மா, நான் கழுவித் தர்றேன்.”

“அக்கா, கையைப் பின்னால கட்டிக்குங்க.”

துளசிமணி கட்டிக்கொண்டாள்.

“இதுல தண்ணியைச் சுத்தம் பண்றது எது?”

“மோட்டாருங்க.”

“மோட்டார் தண்ணியைத் தள்ளும். அவ்வளவுதான். மீனோட கழிவைத் தின்னு தண்ணியை நல்லதாக்கற சின்ன உயிருங்க இந்தப் பழுப்புலதான் குடியிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. தொட்டியைக் குடுத்தவர் சொன்னதுதான் எனக்கும் தெரியும்.”

துளசிமணி ஸ்பாஞ்சையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ நான் கொதிக்க வெச்சது...”

“தெரியாமத்தானே செஞ்சீங்க.”

அம்மா கத்தரிக்கோல் எடுத்துவரச் சொல்லி ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டினார். ஒரு பாதியைத் திரும்ப உள்ளே வைத்தார். மறு பாதியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து கொடுத்தார்.

“இதை உங்க ஃபில்டர்ல வெச்சிருங்க. குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருக்கும், அதைக் காட்டாதீங்க. தண்ணி மாத்தணும்னா கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, அதுவும் ஒரு நாள் வாளியில நிக்க வெச்ச தண்ணி.”

“வேற ஏதாச்சும் செய்யணுங்களா?”

“சும்மா இருக்கணும். உங்களுக்கு அதுதான் கஷ்டம்.”

வீட்டுக்குப் போய் ஸ்பாஞ்சை வைத்ததும் பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் கலங்கிப்போனது. துளசிமணியின் கை தானாக வாளிப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள். தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “சென்னிமலை ஆண்டவா, இந்த ஒண்ணை மட்டும் எனக்கு விட்டுக்குடு” என்று வேண்டிக்கொண்டாள். ஜிலேபி ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது.

சனிக்கிழமை முழுக்க அவள் வீட்டைக்கூடத் துடைக்கவில்லை. எழுந்து போனால் மீனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு அவள்தான் முதலில் வந்தாள். கையில் பெட்டி எதுவும் இல்லை.

“ஃபில்டர் ரெண்டும் எங்கேக்கா?”

“கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேனுங்கம்மா. கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. பாத்தா பாக்கட்டும்.”

“ஜிலேபி?”

“பொழைச்சுக்கிச்சுங்கம்மா!” சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை விடியக்காலம் பாத்தா தண்ணி தெளிஞ்சிருக்குது. அது பாட்டுக்குக் கீழ மேல சுத்துது. சாமி முன்னாடிகூட நான் அப்படி அழுததில்லை.”

“மருமக வந்தாளா?”

“வந்தா. உள்ள வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னு சொல்லிட்டேன். ‘அஞ்சும் போச்சு கண்ணு, நான்தான் கழுவியே கொன்னுட்டேன்’னு. ஒரு நிமிஷம் என் முகத்தையே பாத்தா. திட்டுவான்னு நெனச்சேன். என் கையைப் புடிச்சுக்கிட்டா. ‘உள்ள போலாம் அத்தை’ன்னா.”

“ம்.”

“பஜ்ஜி போட்டேன். தட்டை எடுத்துட்டுப் போய்த் தொட்டிகிட்டயே உக்காந்துக்கிட்டா. கூடத்துல உக்காந்து திங்க முன்னெல்லாம் நான் விட்டதே இல்லீங்க. டம்ளரைக் கீழ வெச்சா. நான் எடுக்கலை. இன்னொரு வாய் காபி இருந்துதாம், அப்புறமா எடுத்துக் குடிச்சா.”

அம்மா சிரித்தார். துளசிமணியும் சிரித்தாள்.

“தொட்டியை எடுத்துட்டுப் போயிட்டாளா?”

“இல்லீங்கம்மா. ‘இங்கயே இருக்கட்டும் அத்தை, வாராவாரம் நாங்க வந்து பாத்துக்கறோம்’னுட்டா. வர்ற வாரம் கூட விட ரெண்டு மீன் வாங்கிட்டு வர்றாளாம்.”

“அப்புறம் என்ன? முகத்துல இன்னும் ஏதோ பாக்கி இருக்கே.”

துளசிமணி தயங்கினாள். தலைப்பு நுனியை விரலில் சுற்றினாள்.

“பஜ்ஜி தின்ன கையோடயே கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு வெளையாடினா. அஞ்சு விரலும் எண்ணெயா அப்படியே பதிஞ்சிருக்குது. அஞ்சு நாளா அதைப் பாத்துட்டு நடக்கறேன். உள்ள ஒண்ணும் தொட மாட்டேன், சத்தியமா. வெளிப்பக்கம் மட்டும் ஒரு ஈரத் துணி போட்டுக்கட்டுங்களா?”

“அவ விரல் வெச்சப்போ ஜிலேபி என்ன பண்ணுச்சு?”

“எங்க வெச்சாலும் அங்க வந்துச்சுங்க. விரலை நகத்தினா அதும் கூடவே நகருது.”

“அப்போ கண்ணாடி சுத்தமாத்தான் இருக்குக்கா” என்றார் அம்மா.