வேட்டி தூக்கிய இடம்

தாலியைத் தவிர மற்ற நகையையெல்லாம் விற்றுவிட்டு, மீன்கூடை சுமக்கும் ரெஜினம்மாள் முதன்முதலாகப் படகு வாங்க வந்தாள். காலை மங்கலில் கடலும் வானமும் ஒன்றாய்க் கிடந்தன. படகுத்துறையை ஒட்டி, புது நீலச் சாயத்தோடு அந்தப் படகு தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல மெல்ல ஏறி இறங்கியது.

விற்கிறவர் மிக்கேல் பர்னாந்து. ஏழு படகுக்காரர் என்ற மிதப்பில் வெள்ளை வேட்டி தரையில் புரள நடப்பார்.

"கூடை சுமக்கிறவளுக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்? ஏறாம, தொடாம, இங்கேயே நின்னு ஒரு குறை சொல்லு. முடியலைன்னா நான் சொல்ற விலைக்கு எடுத்துக்கணும்" என்றார் அவர்.

ரெஜினம்மாள் கனவு காண்கிறவள்போலப் படகையே பார்த்தாள்.

"குறை சொல்ல நான் யாரு அண்ணாச்சி? நீங்க கைராசிக்காரர். ஒரு தடவை ஏறி நின்னு காட்டுங்க. கண்ணு நிறையப் பார்த்துக்கிடுதேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துறையின் சகதியையெல்லாம் வேட்டியால் பெருக்கிக்கொண்டே போனவர், படகில் கால் வைக்கும்போது மட்டும் அதை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார்.

"போதும் அண்ணாச்சி, இறங்கிருங்க" என்றாள் அவள். "சகதியில தூக்காத வேட்டியைப் படகுல ஏன் தூக்கினீங்க?"

துறையில் நின்றவர்கள் படகுக்குள்ளே விரித்திருந்த வலையைத் தூக்கினார்கள். கணுக்கால் ஆழத் தண்ணீரில் ஒரு குட்டி மீன் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது.

ரெஜினம்மாள் பணமுடிப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"படகுதான் கடலுக்குப் போகும்னு நினைச்சிருந்தேன் அண்ணாச்சி. உங்க படகுக்குக் கடலே வந்துருதே."