அப்பா இருக்கும் வீட்டுச் சிறுமி

படத்தில் மினுவுக்கு ஒன்பது வயது. அப்பா இல்லை. நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறியவள், இல்லாத ஐந்தாவது மாடியில் இறங்கிவிடுகிறாள். அங்கே அதே வீடு. அதே கதவு. திறப்பது இன்னொரு மினு.

குழந்தைகளோடு வீட்டார் எல்லோரும் பார்க்கும் கார்ட்டூன் படம். இரண்டு மினுக்களுக்கும் தமிழில் குரல் கொடுப்பவள் குணவதி. நாற்பத்தாறு வயது. பதினோரு வருடங்கள் கூட்டத்தில் ஒருத்தியாகக் கத்திய பிறகு கிடைத்த முதல் பெரிய வேஷம்.

தொழில் சொல்லிக்கொடுத்தவள் ரெஜினா. பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் குணவதிக்கு அவள் மாஸ்டர்.

அப்பா இல்லாத கீழ் வீட்டு மினுவைக் குணவதி காலையிலேயே பேசி முடித்துவிட்டாள். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மேல் வீட்டு மினு பதில் சொல்ல வேண்டும்.

"உங்க வீட்ல அப்பா இருக்காரா?"

குணவதியின் குரல், குணவதியின் காதில்.

"இருக்காரே. ஏன்?" என்றாள் குணவதி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிஸ்ட் தலையில் கை வைத்தார். பதினான்காவது டேக்.

"அழுற மாதிரி இருக்கும்மா. அப்பா இல்லாதது கீழ் வீட்டுப் பொண்ணுக்கு. இவளுக்கு என்ன கவலை?" என்றார்.

அடுத்த டேக்கில் குணவதி சிரித்தாள்.

"இப்ப லாட்டரி விழுந்த மாதிரி இருக்கு."

மூன்று மணிக்கு மேனேஜர் எட்டிப் பார்த்தார். ஆறு மணிக்குள் இந்த சீன் முடியவில்லை என்றால் இரண்டு மினுவையும் வேறு யாராவது பேசட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குணவதி ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். ரெஜினா வசனத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், குழம்புது. கேட்டவளும் நான்தான், பதில் சொல்றவளும் நான்தான். எதுக்கு இந்தக் கேள்வின்னு முன்னாடியே தெரிஞ்சிடுது."

"ம்."

"மேல் வீட்டுப் பொண்ணை முதல்ல பேசியிருக்கலாமோ?"

"பேசியிருக்கலாம்."

"சரியா வந்திருக்குமா?"

"அவ வந்திருப்பா. கீழ் வீட்டுப் பொண்ணு போயிருப்பா."

குணவதி சற்று யோசித்தாள்.

"குரலைக் கொஞ்சம் மெலிசாக்கட்டுமா? ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியும்."

"அப்பா இருந்தா தொண்டை மெலிசாயிடுமாக்கா?"

ரெக்கார்டிஸ்ட் உள்ளே சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது. குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது தலைக்குள் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எவள் எந்த மாடி என்று பிடிபடவில்லை.

"தெரிஞ்ச ஒண்ணை எப்படி மாஸ்டர் தெரியாம ஆக்கறது?"

ரெஜினா தாளை மடித்து வைத்தாள். பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்தவள்போலத் திரும்பினாள்.

"குணாக்கா, சாப்டாச்சா?"

"ஆச்சே. ஏன் மாஸ்டர்?"

"நான் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

குணவதி பதறி எழுந்தாள்.

"ஐயோ! என் டேக்கைக் கேட்டுக்கிட்டேவா இவ்வளவு நேரம்..."

"இந்த ஐயோ," என்றாள் ரெஜினா, "மேல் வீட்டுப் பொண்ணுக்கு இன்னும் வரலக்கா. அவ இன்னும் அந்த 'ஆச்சே, ஏன்'லதான் இருக்கா."