பதினேழாவது கொண்டை ஊசி

"என் பஸ் எப்ப ஓடும்?" என்று கேட்டார் கோதண்டபாணி.

குரு அவர் நீட்டிய பிளாப்பியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். பெயர் மெஹருன்னிசா. கோதண்டபாணியைவிட ஆறேழு வயதாவது சின்னவர். வாரம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் பழுது பார்க்கிற எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், யாருக்கும் வேண்டாத பழைய கம்ப்யூட்டர்களோடு உட்கார்ந்திருப்பார். அங்கே வருகிற ஏழெட்டுப் பேருக்கும் அதே பைத்தியம். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராது என்பதால் அவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் குரு. கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

"பூஞ்சை புடிச்சிருக்கு. இதுக்கு நகல் எங்க?" என்றார் குரு.

"நகலே கிடையாது. உலகத்துல இது ஒண்ணுதான்."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார் கோதண்டபாணி.

பஸ் என்று அவர் சொன்னது ஒரு விளையாட்டை. கல்லூரிக் காலத்தில் அவர் எழுதியது. கொல்லிமலைக்கு ஒரு பஸ் ஏறும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒடித்துத் திருப்ப வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் எதிரே லாரி வந்துவிடும். எழுதியது கோதண்டபாணி. பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தது நண்பன் சவரிமுத்து.

அதற்குப் பிறகு கோதண்டபாணி ஜவ்வரிசி ஆலையில் மேனேஜர் ஆனார், ஓய்வும் பெற்றார். தானாக உண்டாக்கியது என்று வாழ்க்கையில் அவருக்கு இருந்தது அந்த பஸ் ஒன்றுதான். கண் மூடுவதற்குள் அது ஒரு தடவை ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கல்லூரியில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து, பெட்டியில் போட்டுப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பிளாப்பியை அதைவிடப் பத்திரமாக.

குரு வழி சொன்னார். பிளாப்பியைக் கழுவலாம். ஒரு நகல் எடுக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு இன்னொரு நகல் கொடுத்துவிட்டு, அப்புறம் ஓட்டலாம். அந்த மாடியில் அதுதான் வழக்கம். அடுத்தவர் கையில் ஒன்று போய்ச் சேராமல் யாரும் எதையும் ஓட்டுவதில்லை.

கோதண்டபாணிக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார். அந்த மனிதர் வடை தின்றுகொண்டிருந்தார்.

"அது முடியாதுங்க," என்றார். "அது இன்னும் முழுசா ஆகல."

பதினேழாவது வளைவில் பஸ் நின்றுவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நகராது. ஏன் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதற்கு மேலே உள்ள வளைவுகளையும் எழுதித்தான் வைத்திருந்தார். ஆனால் அவற்றை அவரே திரையில் பார்த்ததில்லை.

ராசிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அதைக் கொடுக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே கேட்டான் சவரிமுத்து. அவனுடைய அக்கா அங்கே டீச்சர். சரியாகட்டும், அப்புறம் தரலாம் என்றார் கோதண்டபாணி. சவரிமுத்து காத்திருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டான். தன் பெயரையே போட்டுக் கொடுத்தான் என்றும் யாரோ வந்து ஊதினார்கள். அன்றைக்கு நின்றது பேச்சு. கல்யாணப் பந்தியில் பார்த்தால்கூட வேறு வரிசையில் போய் உட்காருவார்.

இவ்வளவையும் கொட்டிவிட்டு, "திருட்டுப் பயல்," என்று முடித்தார்.

குரு கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். எந்த ஊர்ப் பள்ளி என்று மறுபடி கேட்டுக்கொண்டார். பிறகு பிளாப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப அந்தத் திருடனைக் கூட்டிட்டு வாங்க."

கோதண்டபாணி படியிறங்கும்போது ஒவ்வொரு படியும் அதிர்ந்தது.

இந்தப் பொம்பிளை என்ன சொல்வது, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே கம்ப்யூட்டரை மாட்டினார். கோபத்திலும் அவர் கவனமான ஆள். நல்ல பிளாப்பியை எடுத்ததும் போட்டுவிடவில்லை. டிரைவ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முதலில் ஒரு குப்பை பிளாப்பியைப் போட்டார். சுற்றியது. திருப்தியாக இருந்தது. அதை எடுத்துவிட்டு பஸ்ஸைப் போட்டார்.

கர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

குப்பையிலும் பூஞ்சை. டேப் ரெக்கார்டரில் இருப்பதுபோல டிரைவிலும் ஒரு ஹெட் உண்டு. குப்பையின் பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டது. அந்த ஹெட் பஸ் பிளாப்பியின் மேல் உட்கார்ந்து சுரண்டிவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தார். பழுப்புத் தகட்டில் ஒரு வட்டம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கம் இருந்த அவர் விரல் தெரிந்தது.

சாப்பிட வரச் சொன்ன மனைவியிடம் பசி இல்லை என்றார். அழுகை வந்தது. இந்த வயதில் ஒரு பிளாப்பிக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது. அழுகை அதற்காக நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாடியேறி, பிளாப்பியை மேஜையில் வைத்தார். எல்லோரும் அந்த வட்டத்தைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தத்தை அவரவர் வீட்டில் அவரவர் ஒருமுறை கேட்டவர்கள்தான்.

வடைக்காரர் ஒரு வடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே நான் என்ன செய்யறது?" என்றார் கோதண்டபாணி.

"போன வாரம் சொன்னதுதான்," என்றார் குரு.

நாமக்கல்லில் சவரிமுத்து கோழித் தீவன ஏஜென்சி வைத்திருந்தார். தலை வழுக்கையாகி, தொப்பையும் போட்டிருந்தது. கடை வாசலில் கோதண்டபாணி நின்றார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தயார் செய்திருந்தது அத்தனையும் மறந்துபோயிருந்தது.

"யாரு, பாணியா? வெயில்ல ஏன்டா நிக்கற, உள்ள வா," என்றார் சவரிமுத்து. கடைப் பையனை டீ வாங்க அனுப்பினார்.

டீ பாதி ஆறிய பிறகுதான் கோதண்டபாணி வாயைத் திறந்தார். அந்த நகல் இருக்கிறதா என்று கேட்டார்.

சவரிமுத்து இல்லையென்று தலையசைத்தார். எடுத்தது ஒன்றே ஒன்று, அதையும் அக்கா கையில் கொடுத்தாகிவிட்டது. தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அக்காவும் ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

கடைசி நம்பிக்கையும் போயிற்று. போனதுதான் போயிற்று என்று, இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றதையும் கேட்டுவிட்டார்.

"அதுல உன் பேரைப் போட்டுக்கிட்டியாமே?"

சவரிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது.

"இதுக்காடா பேசாம இருந்த? அதுக்குள்ள போயி பேரை மாத்த எனக்குத் தெரியுமா? எனக்கு டீ வாங்கத்தான்டா தெரியும்."

கோதண்டபாணி ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று சவரிமுத்து கேட்டதற்கு, தெரியவில்லை, ஒருத்தர் கூட்டி வரச் சொன்னார் என்றார். அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாடியேறினார்கள். சவரிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

"கூட்டிட்டு வந்துட்டேங்க. இவன்கிட்டயும் நகல் இல்லையாம். இவன் திருடனும் இல்ல," என்றார் கோதண்டபாணி.

குரு எழுந்து நின்று சவரிமுத்துவுக்கு வணக்கம் சொன்னார். அந்த மாடியில் குரு யாருக்காகவும் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"சலேத் மேரி டீச்சர் நல்லா இருக்காங்களா?"

"எங்க அக்காவை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் சவரிமுத்து.

குரு பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து, ஒரு பிளாப்பியை எடுத்து டிரைவுக்குள் வைக்கப் போனார்.

பூஞ்சை இல்லாத, சுத்தமான பிளாப்பி. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு சின்ன பஸ் வரைந்திருந்தது.

கோதண்டபாணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் குருவின் கையைத் தடுத்தார்.

"இருங்க. ஓட்டறதுக்கு முன்னால ஒரு நகல் எடுத்து இவன்கிட்ட குடுங்க."

"இப்பவாவது கேட்டு வாங்கறேனே," என்றார் சவரிமுத்து.

நகல் எடுக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அப்புறம் டி.வி. திரையில் மலை வந்தது. கீழே, கொட்டை கொட்டையான ஆங்கில எழுத்தில், கோதண்டபாணி என்று அவர் பெயர் மட்டும் இருந்தது.

சவரிமுத்து நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், அந்தக் காலம்போல.

கோதண்டபாணி ஓட்டினார். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வளைவுக்கு வளைவு சவரிமுத்து வாயாலேயே ஹாரன் அடித்தார். வடைக்காரர் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பதினேழாவது கொண்டை ஊசி வந்தது. கோதண்டபாணி கையை எடுத்துவிட்டார்.

"இங்க நின்னுடும்."

"ஆமா," என்றார் குரு. "ராசிபுரத்துல எட்டாங்கிளாஸ் லீவு பூரா எங்களுக்கும் இங்கதான் நின்னுச்சு. கையை வைங்க சார். திருப்புங்க."

திருப்பினார்.

பஸ் திரும்பியது. தான் எழுதியும் ஒரு நாளும் பார்த்திராத பதினெட்டாவது வளைவு திரையில் விரிந்தது. அங்கே ரோட்டோரத்தில், ரெட்டை ஜடையோடு ஒரு சின்னப் பெண் பஸ்ஸை நிறுத்தக் கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பொண்ணை நான் எழுதலையே," என்றார் கோதண்டபாணி.

"நிறுத்தி ஏத்திக்குங்க சார்," என்றார் குரு. "ரொம்ப வருஷமா நிக்கறா."