கழியின் நுனி

"என் பலத்துக்கு இங்கே வேலையே இல்லை, அம்மையே."

சொன்னவர் மழவரையர். இருபது வருஷம் படை நடத்தியவர். ஞானம் தேடி வந்து, மூன்று மாதமாக பூங்கோதை அம்மையாரின் மடத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

அம்மையாருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. மெலிந்த உடம்பு.

"மழை விடவில்லை. ஏரிக்கரை கசிகிறது," என்றார் அம்மையார். "வாருங்கள்."

கீழே இரண்டு ஊர்கள். மதகைத் திறக்கும் ஆட்கள் பிள்ளைகுட்டிகளை மேட்டுக்கு ஏற்றப் போயிருந்தார்கள்.

மதகின் மேல் ஒரு மர உருளை செங்குத்தாக நின்றது. அதன் குறுக்கே நீண்ட கழி. கழியைத் தள்ளிச் சுற்றினால் சங்கிலி கப்பிகள் வழியே சுருண்டு, மதகை அடைக்கும் பலகை மெல்ல மேலே எழும்.

"எத்தனை பேர் தள்ளுவார்கள்?"

"நான்கு பேர்."

மழவரையர் சிரித்தார். மேல்துண்டை இடுப்பில் இறுகக் கட்டினார். உருளையை ஒட்டி நின்று, கழியில் மார்பைக் கொடுத்துத் தள்ளினார்.

அசையவில்லை.

மூச்சைப் பிடித்து மறுபடி தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது.

உருளை நகர்ந்தது.

"பார்த்தீர்களா!"

திரும்பினார். கழியின் நுனியில் அம்மையார் இரு கைகளையும் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அம்மையார் கைகளை எடுத்தார். உருளை நின்றது.

வைத்தார். நகர்ந்தது.

எடுத்தார். நின்றது.

மழவரையருக்கு முகம் சிவந்தது. உருளையை விட்டு விலகி, பதினைந்து முழம் நடந்து நுனிக்கு வந்தார். தள்ளினார்.

கழி இணங்கிக் கொடுத்தது.

"இவ்வளவு லேசா?"

"உருளைக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுக்கு நாலு எட்டு நடந்தால் போதும்," என்றார் அம்மையார். "இங்கே நடந்துதான் பாருங்களேன்."

நடந்தார். சேறு கணுக்காலை விழுங்கியது. ஒரு சுற்று முடிவதற்குள் பலகை விரற்கடைதான் ஏறியது. பத்தாம் சுற்றில் வழுக்கி விழுந்தார். எழுந்தார். இருபதாம் சுற்றில் காலை இழுத்து இழுத்து நடந்தார். அம்மையார் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நாற்பதாம் சுற்றில் மதகு வாய் திறந்து இரைந்தது. ஏரி இறங்கத் தொடங்கியது. கரை உடையாமல் நின்றது.

உச்சிப்பொழுதில் ஊரார் ஓடிவந்தார்கள்.

"யார் திறந்தது? எத்தனை பேர்?"

"இவர் ஒருவரே," என்றார் அம்மையார். மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்தக் குரலில் ஒரு கர்வம் இருந்தது.

முதியவர் ஒருவர் மழவரையரின் புஜத்தைத் தொட்டுப் பார்த்து வியந்தார். "அப்பேர்ப்பட்ட கையா இது!"

மழவரையர் நிமிர்ந்து நின்றார். எந்தப் போரை வென்றபோதும் அப்படி நின்றதில்லை.

"கையை விடுங்கள், ஐயா," என்றார். "என் காலைப் பாருங்கள்."